மடித்த தகட்டில் செய்த படகு

மகனுக்கு,

நீ மைக்கைப் பிடித்து ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் பேசினாய். எனக்கு மைக் கிடையாது. அதனால் நம் மாதா கோயிலின் மாத மலரில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை இப்படி ஊர் படிக்க எழுதலாமா என்று உன் அக்கா கேட்டாள். ஊர் கேட்க முதலில் பேசியவன் நீ. பதிலும் ஊர் படிக்கத்தான் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து அக்கா வந்திருந்தாள். பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் போனை என் முன்னால் நீட்டி, "தம்பி பேசினதப் பாருங்கப்பா" என்றாள். பெருமையாகத்தான் காட்டினாள், பாவம். நீ பச்சை பனியன் போட்டுக்கொண்டு, உன்னைப் போலவே பனியன் போட்ட ஆட்களிடம் பறவைகளை எண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "எங்க அப்பா ஒரு வாத்து வேட்டைக்காரர். அவர் செஞ்ச பாவத்தக் கழிக்கத்தான் நான் வருஷா வருஷம் ஏரிக்குப் போறேன்" என்றாய். கை தட்டினார்கள். அதோடு நிறுத்தினாயா? "எங்க மாமா படகுல எழுந்து நின்னார். முட்டி போச்சு. அதனால நம்ம முதல் விதி என்ன? படகுல எவனும் எழுந்து நிக்கக் கூடாது. உக்காந்தா உசுரு, நின்னா நொண்டி!" சிரித்தார்கள். நானும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பாவம் என்று நீ சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்த விதியை என்னால் விட முடியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் பொறுமையாகப் படி. உனக்குப் பொறுமை கம்மி, என்னைப் போல.

முதலில் பாவக் கதையைப் பேசுவோம். நான் வாத்து சுட ஏரிக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அதற்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆவடியில் இருந்த ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரரிடமிருந்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். அதற்கும் காகிதம் இருந்தது. மழை முடிந்து ஏரி நிறைந்த பிறகு கிளுவை வாத்து இறங்கும். நீ அதற்கு நீலச்சிறகி என்று வேறு பெயர் சொல்லி என்னைத் திருத்துவாய், சரி, அப்படியே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போவோம். அம்பத்தூரில் நம் தெருவில் அந்தப் பண்டிகைக்கு நம் வீட்டில் மட்டும்தான் வாத்து வறுவல். உன் அம்மா மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு வறுத்தால் தெருமுனை வரைக்கும் வாசனை போகும். எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிவிட்டு, "இன்னொரு கால் இல்லியாம்மா?" என்று கேட்டவன் நீ. பாவத்தில் பங்கு பிரித்தால் உனக்கும் ஒரு தட்டு வரும். பிறகு சட்டம் மாறியது, லைசென்ஸ் நின்றது. நின்ற பிறகும் நான் மூன்று மழைக்காலம் போனேன். அது தப்பு. எழுதிவிட்டேன், போதுமா? ஆனால் ஒன்று கேட்கிறேன். நூம்பலில் உன் அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில் நான் முழங்கால் தண்ணீரில் நின்று தாராக் கூட்டம் பார்த்திருக்கிறேன். என் துப்பாக்கிக்குத் தப்பிய வாத்து உண்டு. உங்கள் கார் பார்க்கிங்குக்குத் தப்பிய வாத்து உண்டா? இதையும் அடுத்த முறை மைக்கில் சொல்.

இருக்கட்டும். இப்போது நீ படகு வாங்கப் போகிறாயாம். ஜனவரியில் திருநின்றவூர் ஏரிக்குள் போய் எண்ண வேண்டுமாம், கரையிலிருந்து பார்த்தால் கணக்கு தப்புகிறதாம், உன் மகளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாயாம். நீ என்னிடம் கேட்கவில்லை. பதினோரு வருடம் வாத்துக்குப் படகு ஓட்டியவன் இங்கே உயிரோடு இருக்கும்போது, நீ போனில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தாய். அக்கா அந்தப் படத்தையும் காட்டினாள். ஆரஞ்சு நிறம். அடிப்பக்கம் உருண்டை. இரண்டு முனையும் கூர். அகலம் மூன்று அடி. ஏன் மூன்று அடி என்று கேட்டேன். "அவன் பார்க்கிங்ல காருக்கும் சுவத்துக்கும் நடுவுல அவ்ளோதாம்ப்பா இடம்" என்றாள். படகுக்கு அளவு எடுக்க ஏரிக்குப் போகாமல் பார்க்கிங்குக்குப் போன ஒரே ஆள் நீதான் என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்து முடிப்பதற்குள் போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஆள் இல்லை நீ. உனக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.

அதற்கு முன்னால் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். ஏரி கடல் அல்ல. பாதி இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருக்காது. கீழே சேறு. சேற்றில் வெட்டி விட்டுப்போன கருவேல மரத்தின் அடிக்கட்டைகள், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேலே ஆகாயத்தாமரை. மோட்டார் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தண்டு சுற்றிக்கொண்டு நின்றுவிடும். உட்கார்ந்து துடுப்புப் போட்டால் துடுப்பு தழைமேல்தான் விழும், தண்ணீரைத் தொடாது. அங்கே ஒரே வழி மூங்கில் கழி. அடியில் கவட்டை வைத்துக் கட்டிய கழி, இல்லாவிட்டால் சேறு அதைப் பிடித்துக்கொள்ளும். கழி போடுகிறவன் நின்றுதான் ஆக வேண்டும். உன் விதியை எழுதி ஒட்டிவிட்டு நீ உட்கார்ந்திரு, படகு அங்கேயே இருக்கும். எழுந்து நிற்க முடியாத படகு ஏரிக்குப் படகே இல்லை.

ஆகவே அடி தட்டையாக இருக்க வேண்டும், மரப்பலகை மாதிரி தட்டை. அகலம் நாலு அடிக்குக் குறையக் கூடாது, நாலரை என்றால் இன்னும் நல்லது. பக்கச் சுவர் ஓர் அடி உயரம். நீளம் பன்னிரண்டு போதும். இரும்பு வேண்டாம், துரு பிடிக்கும், கழி பட்டால் மேளம் மாதிரி சத்தம் போடும், வாத்து முதலில் காதால்தான் பயப்படும். பைபர் நல்லது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், என் காலத்தில் கிடைக்கவில்லை. தரையில் நனைந்த சாக்கு விரி. விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து ஒட்டு. நிறம் காய்ந்த கோரை மாதிரி இருக்கட்டும். ஆரஞ்சு அடித்துக்கொண்டு போனால் நீ மதகு தாண்டுவதற்குள் அவை அடுத்த ஏரியில் இருக்கும், நீ ஆகாயத்தாமரையை எண்ணிவிட்டு வரலாம். உட்காரும் பலகை தாழ்வாக இருக்க வேண்டும். எண்ணும் இடம் வந்ததும் பக்கத்துக்கு ஒரு கழியாகச் சேற்றில் இறக்கிப் படகைக் கட்டிவிடு, பைனாகுலர் ஆடாது. நேராக அவற்றைப் பார்த்துப் போகாதே, வேறு எங்கோ போகிறவன் மாதிரி சாய்வாகப் போ. சுடப் போகிறவனுக்கும் எண்ணப் போகிறவனுக்கும் வாத்து ஒரே மரியாதைதான் கொடுக்கும். உன் மகளுக்கு மிதவைச் சட்டை போடு, அளவு சரியாக இருக்கும் சட்டை, வளர்ந்தால் ஆகும் என்று பெரிதாக வாங்காதே.

இனி என் படகு. அதற்கு முன்னால் எட்டு வருடம் மீன்காரர்களிடம் வாடகைக்கு வாங்கித்தான் ஓட்டினேன்; இதை நான்தான் செய்தேன். யாரிடமும் தொழில் கற்றதில்லை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்த ஷெட்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பதினெட்டு கேஜ் இரும்புத் தகடு, அகலம் நாலு அடி, அப்படித்தான் கடையில் வரும். நாலு அடியையும் முழுசாக அடிப்பக்கத்துக்கு விட்டு, பக்கச் சுவருக்குத் தனித் தகடு வைத்து மூலையை கேஸ் வெல்டிங் செய்வது என்று சாக்பீஸில் சிமென்ட் தரையிலேயே படம் போட்டேன். நல்ல படம். ஆனால் மெல்லிய தகட்டில் மூலை வெல்டிங் என் கையில் நிற்காது, ஓட்டை விழும். அந்த வேலைக்கு எங்கள் ஷெட்டில் ஒரே ஆள்தான், தேவராஜ். அவனுக்கும் எனக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. கேன்டீனில் பத்துப் பேர் நடுவில் நான் செய்த ஒரு வேலையைத் தூக்கிக் காட்டி, "இன்னாபா இது, காக்கா கொத்துன மாதிரி கீது?" என்றான். அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிப்பதில்லை.

நம் அந்தோணி மாமா, உன் அம்மாவின் தம்பி, அப்போது டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். வெல்டிங்குக்கு ஆள் இல்லாமல் நான் தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்தான். "மாமா, தேவராஜண்ண பார்த்துட்டுத்தான் வரேன். அவருக்கு எப்டியோ தெரிஞ்சுகீது. 'உங்க மாமன் ஒரு வார்த்த கேக்கட்டும், ஞாயித்துக்கெயம வந்து ரெண்டு மணி நேரத்துல வெச்சு வுட்டுட்டுப் போறேன்'ங்கறாரு" என்றான்.

"அவன் கை என் படகு மேல படத் தேவையில்ல."

"கையி படாது மாமா, நெருப்புதான் படும். போய்க் கூப்டு. தண்ணிக்குள்ள போற சாமான், ரோசத்த வெச்சு ஒட்ட முடியாது."

உன் அம்மாவும் சமையலறையிலிருந்து, "ஒரு வார்த்ததானே கேக்கறாரு மனுசன்" என்றாள். நான் கேட்கவில்லை. வெல்டிங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதே தகட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே மடித்துவிட்டால் சுவர் வந்துவிடும், மூலையும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஆங்கிள் இரும்பை வைத்து இறுக்கி மரச்சுத்தியால் தட்டித் தட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் மடித்தேன். முன்னும் பின்னும் மட்டும் தகடு வைத்து ரிவெட் அடித்துத் தார் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. யார் தயவும் இல்லாமல் முடித்தேன் என்று தெருவெல்லாம் சொன்னேன். நாலு அடித் தகட்டில் பக்கத்துக்கு அரை அடி மடித்தால் அடியில் எவ்வளவு மிஞ்சும் என்று உன் மகளைக் கேள், சொல்வாள். மூன்று அடி. சுவர் அரை அடி. அது எனக்கு மடிக்கும்போதே தெரியும். கணக்குத் தெரியாமல் செய்த தப்பு இல்லை இது. தேவராஜிடம் போகாமல் இருப்பதற்கு நான் கொடுத்தது ஓர் அடி அகலம்.

இரண்டு மழைக்காலம் அந்தப் படகு ஆடிக்கொண்டேதான் ஓடியது. மூன்றாவது வருடம், லைசென்ஸெல்லாம் நின்றுபோன பிறகு, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் விடிகிற நேரத்தில் இறங்கினோம். அந்தோணி முன்னால் பலகையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் நின்று கழி போட்டேன். உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம் திரும்பும்போது கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டுத் திரும்பி வந்து எடுத்திருக்கலாம். நான் விடவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தேன். படகு என் பக்கம் சரிந்தது. அரை அடிச் சுவர்தானே, தண்ணீர் வழிந்து உள்ளே வந்தது. "மாமா, வுடு மாமா, கயிய வுடு!" என்று கத்திக்கொண்டே அந்தோணி எதிர்ப்பக்கம் பாரம் கொடுப்பதற்காக எழுந்தான். அவன் எழுந்தது அதற்குத்தான். அந்த நேரம் கழி பிடுங்கிக்கொண்டு வந்தது, நான் பின்னால் விழுந்தேன், படகு மறுபக்கம் புரண்டது, அவன் முட்டி ஒரு கருவேலக் கட்டையில் போய் இறங்கியது.

தண்ணீர் இடுப்பளவுதான். இரண்டு பேரும் நின்றுவிட்டோம், அவன் ஒரு காலில். தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து சேற்றில் துழாவித் துப்பாக்கியைத் தேடினேன். எடுத்துச் சாக்கில் சுற்றிக் கரையில் கோரைக்குள் ஒளித்துவிட்டு வந்தேன். பிறகுதான் அவன் காலைப் பார்த்தேன். டாக்டரிடம் ரோட்டோர வாய்க்கால் மதகில் சைக்கிளோடு விழுந்தான் என்று சொன்னேன். ஏரி என்றால் எதற்கு ஏரிக்குப் போனீர்கள் என்று கேட்பார்களே. மதகுக்கல் கீறினதாக நினைத்துத் தைத்து அனுப்பினார்கள். உள்ளே மரச்சிராய் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. சீழ் வைத்து, திரும்ப அறுத்து, முடிவில் முட்டி மடங்காமல் போனது. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்கு டெம்போ எதற்கு? கரையான்சாவடி மெயின் ரோட்டில் சாவி செய்கிற பெட்டிக்கடை போட்டான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா கோழி வாங்கினாள்.

வீட்டில் எல்லோரும் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். "அவன் எழுந்து நின்னான்" என்றேன். பொய் இல்லை, எழுந்துதான் நின்றான். உனக்கு அப்போது ஒன்பது வயது. "மாமா ஏம்ப்பா நின்னாரு?" என்று கேட்டாய். "கொழுப்பு" என்றேன். அதைத்தான் நீ இவ்வளவு வருடம் கழித்து மைக்கில் விதியாகச் சொன்னாய். நான் சொன்னதை நீ மதித்துக் கடைப்பிடிக்கிற ஒரே விஷயம் அந்தப் பொய்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். படகை உடைத்துத் தட்டி நிமிர்த்திக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டேன். கோழி போன பிறகு அதே தகடு தண்ணீர் மோட்டாருக்கு மேலே போனது. அதன் கீழேதான் நீ நின்று குளித்து வளர்ந்தாய்.

வீடியோவைப் பார்த்த மறுநாள் கரையான்சாவடிக்கு பஸ் ஏறினேன். அந்தோணி சாவியை ராவிக்கொண்டிருந்தான். மடங்காத காலை ஸ்டூலுக்கு வெளியே நீட்டியிருந்தான்.

"இன்னா மாமா, வய்யி தவறி வந்துட்டியா? பண்டிகக்கு இன்னும் நாள் கீதே."

"உன் மருமவன் படகு வாங்கறானாம்."

"கேள்விப்பட்டேன். இன்னா அகலம்?"

விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. அகலம் கேட்டான். மூன்று அடி என்றேன். அரம் நின்றது.

"அப்ப நீ இன்னும் அவன்கிட்ட சொல்லல."

"இன்னாத்த?"

"மாமா, எனக்குக் காலுதான் நொண்டி, கண்ணு நல்லாத்தான் கீது. உங்க ஊட்டு மோட்டாரு மேல அந்தத் தகரத்த வருசக்கணக்கா பாத்துகினு கீறேன். நீ எவ்ளோ தட்டியும் மடிச்ச கோடு போவல."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்கா உன்னோட குடும்பம் நடத்தணுமே. நான் வாயத் தொறந்தா அவங்க உன்ன சும்மா வுட்டிருப்பாங்களா?" என்றான். பிறகு சாவியை ஊதித் தூசி தட்டினான். "இப்ப அக்காவும் உசுரோட இல்ல. நான் போய் சொன்னா, நொண்டி வயசான காலத்துல பொலம்பறான்னுவான் உன் புள்ள. நீயே சொல்லு. புள்ளயக் கூட்டிகினு போறானாமே அதுல." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் அடுத்த ஆளிடம், "பூட்டு கொண்டாந்தியாபா, சாவி மட்டும்தானா?" என்று பேச ஆரம்பித்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகவே இதை எழுதுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. பாவம் என்று நீ பேசியதற்கு நீதான் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மாமா கொழுப்பெடுத்து நின்றதாக இனி எந்த மண்டபத்திலும் பேசாதே. அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதே ஆட்கள் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதல் விதியை மாற்றிச் சொல். அவர் வரமாட்டேன் என்பார். அப்போதும் போ.

இன்னொன்று அக்கா சொன்னாள். உங்கள் அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் பக்கம் பெரிய இடம் காலியாகக் கிடக்கிறதாம், ஐந்து அடிப் படகுகூட நிற்குமாம். ஆனால் அதை அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேட்க வேண்டுமாம். ஏதோ வாட்ஸப் சண்டையில் அவரோடு உனக்கு ஒரு வருடமாகப் பேச்சு இல்லையாம். "அந்தாள் கிட்ட போய் நிக்க மாட்டேன்" என்றாயாம். அதைக் கேட்டபோது என் குரல் மாதிரியே இருந்தது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. உன் அம்மாவின் குணத்தில் நாலில் ஒரு பங்காவது உனக்கு வந்திருக்கக் கூடாதா?

என் வார்த்தையை நம்ப வேண்டாம். நீ எதையும் எண்ணிப் பார்த்து நம்புகிறவன். ஆரஞ்சுப் படகுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் டேப் எடுத்துக்கொண்டு வா. நான் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போகலாம், தாழ்ப்பாள் போடுவதில்லை. மோட்டாருக்கு மேலே இருக்கும் தகட்டைக் கழற்றி, தரையில் போட்டு, துருவைக் கையால் தேய்த்தால் இரண்டு கோடு தெரியும். கோட்டுக்குக் கோடு அள. அளந்துவிட்டு நேராகப் போய் அந்த செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேள்.

இப்படிக்கு,
கேட்காதவன்,
உன் அப்பா